அரை மணி நேரம் தனியாகப் பேச



"ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர், கை கால் அசதி, தலை பாரமா இருக்கு." கிராமத்துப் பெண்களின் மனச்சோர்வு பெரும்பாலும் இந்த வார்த்தைகளில்தான் வெளியே வரும். ஒரு ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அடுப்படியில் நிற்கும்போது காரணமில்லாமல் கண் கலங்குவதும், பெற்ற பிள்ளையைத் தூக்கவே மனம் வராமல் போவதும் சொல்லப்படாமலே போகும். மனநல மருத்துவரைப் பார்க்க நகரத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. "எங்கே போற?" என்று கேட்பவர்களுக்குப் பதிலும் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வழி காட்டியது புதுக்கோட்டை மாவட்டம். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010-இல் அங்கே ஒரு பேருந்தை ஓட்டியது. நோயாளி தன் ஊரிலேயே பேருந்துக்குள் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் மருத்துவரிடம் திரை வழியே முகம் பார்த்துப் பேசினார்; மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். கடுமையான மனநோய்களுக்காக வந்த வண்டி என்றாலும், மனசுக்கான மருத்துவம் ஊர் தேடி வரமுடியும் என்பதை அது கண்முன் காட்டியது.

இன்று அதற்கு ஒரு பட்டன் போன் போதும். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

ஆனால் அந்த போன் யாருடையது? பல வீடுகளில் அது கணவனின் சட்டைப் பையில் இருக்கிறது. மனைவிக்கென்று ஒன்று இருந்தாலும், ஒற்றை அறை வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் சுற்றியிருக்க, தன் மனதை எப்படித் திறப்பாள்? தொலைவிலிருந்து தரும் சிகிச்சையின் பெரிய தடை சிக்னல் அல்ல, இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் நல்ல ஆலோசகர்கள் எடுத்தவுடன், "இப்ப தனியா இருக்கீங்களாம்மா?" என்று கேட்கிறார்கள். யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு சொல்லையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ பிற்பகலில் ஓர் அறையை இந்தப் பெண்களுக்காகத் திறந்து வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஊராட்சித் தலைவர்கள் மனது வைத்தால் நடக்கும்.

அதுவரை, உங்கள் வீட்டு நாள்காட்டியில் 14416 என்று எழுதி வையுங்கள். வாரக்கணக்கில் வாடிக் கிடக்கும் அக்காவிடமோ மருமகளிடமோ போனைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரை மணி நேரம் வெளியே போய்வாருங்கள். திரும்பி வந்ததும், என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்