முகத்தைப் பார்க்காமல் சம்பளமா?

ஒரு சாதாரண வீடு. உள்ளே போனால் அலமாரி அலமாரியாக லேப்டாப். எண்ணிப் பார்த்தால் 90-க்கும் மேல்! எந்த லேப்டாப் எந்தக் கம்பெனியுடையது, யார் பெயரில் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு பெண்ணின் வீட்டை 2023 அக்டோபரில் போலீசார் சோதனை போட்டபோது கண்ட காட்சி இது.

அவை திருட்டுச் சாமான்கள் அல்ல. அந்தந்தக் கம்பெனிகளே தங்கள் புது ஊழியருக்கு என்று அனுப்பி வைத்தவை. "நம்ம ஆள் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்" என்று கம்பெனிகள் நிம்மதியாக இருந்தன. வேலை பார்த்தது யார் தெரியுமா? வடகொரிய ஆசாமிகள்! அந்தப் பெண் லேப்டாப்களைத் தன் வீட்டில் ஓட விட்டு வைப்பார். கடல் தாண்டி இருக்கும் ஆசாமி அதற்குள் நுழைந்து வேலை செய்வான். கம்பெனிக்கு அது அரிசோனாவில் இருந்து செய்கிற வேலையாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு 49 கருவிகளை வெளிநாட்டுக்கே பார்சல் கட்டி விட்டார் அந்த அம்மாள். வடகொரிய எல்லையை ஒட்டிய சீன நகரம் ஒன்றுக்கும் பார்சல் போயிருக்கிறது.

3 ஆண்டுகள் நடந்தது இந்தக் கூத்து. ஏமாந்த அமெரிக்கக் கம்பெனிகள் 309. சுருட்டிய பணம் 1 கோடியே 70 லட்சம் டாலர். பெரிய டி.வி. கம்பெனி, கார் கம்பெனி, விமானத் தொழில் கம்பெனி என்று கொட்டை எழுத்துப் பெயர்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. அந்தப் பெண்ணுக்கு 2025 ஜூலையில் எட்டரை ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது.

சரி, பெண்ணுக்குத் தண்டனை கிடைத்தாயிற்று. முகம் தெரியாத ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் போட்ட 309 கம்பெனிகளை யார் கேட்பது?

பூட்டுக் கடையில் கன்னம்

"நாங்கள் விசாரித்துத்தான் எடுத்தோம்" என்பார்கள். விசாரித்த லட்சணத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

புளோரிடாவில் 'நோ பி ஃபோர்' என்று ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர் மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி என்று மற்ற கம்பெனிகளுக்குப் பாடம் நடத்துவதுதான் அவர்கள் தொழிலே! 2024-ல் அங்கே ஒரு என்ஜினீயரை வேலைக்கு எடுத்தார்கள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை வீடியோவில் பேட்டி கண்டார்கள். படத்தில் இருந்த முகமும் பேட்டியில் வந்த முகமும் ஒத்துப்போனது. பின்னணி விசாரணையிலும் ஒரு குறையும் இல்லை. லேப்டாப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த கையோடு உள்ளே விஷ சாப்ட்வேரை ஏற்ற ஆரம்பித்தான் ஆசாமி!

ஜூலை 15-ந் தேதி இரவு 9.55 மணிக்கு அலாரம் அடித்தது. "என்னப்பா செய்கிறாய்?" என்று கேட்டால், ஏதோ இன்டர்நெட் கோளாறைச் சரி பார்ப்பதாகக் கதை அளந்தான். போனில் பேசக் கூப்பிட்டால் முடியாது என்றான். அப்புறம் கப்சிப். 10.20-க்குள் லேப்டாப்பை முடக்கிவிட்டார்கள். தகவல் ஏதும் களவு போகவில்லை.

அந்தப் படம் ஏ.ஐ. வைத்துத் திருத்திய படம். பெயரும் நம்பரும் மட்டும் அசல். வேறு ஒரு அமெரிக்கருடையதைத் திருடியது. அதனால்தான் விசாரணையில் 'குறை இல்லை' என்று வந்தது. நடந்ததை மூடி மறைக்காமல் அந்தக் கம்பெனித் தலைவரே வெளியே சொன்னார். அதற்கு ஒரு சபாஷ் போடலாம். வாய் திறக்காத கம்பெனிகள் எத்தனையோ.

கோளாறு எங்கே என்று இப்போது புரிகிறதா? கம்பெனிகள் சோதிப்பது காகிதத்தை. வேலைக்கு வருவதோ ஆள். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க நடுவில் யாரும் இல்லை. அமெரிக்க அரசின் 'இ-வெரிஃபை' ஏற்பாடு பெயர், நம்பர், பிறந்த தேதி எல்லாம் அரசுப் பதிவோடு பொருந்துகிறதா என்று சொல்லும். அந்த நம்பருக்குச் சொந்தக்காரர்தானா இந்த ஆள் என்று அது எப்படிச் சொல்லும்?

முன்பெல்லாம் புதிதாகச் சேருகிறவர் தன் சான்றிதழ்களை நேரில் காட்டியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு அதில் சலுகை கொடுத்தார்கள். 2023 ஜூலையோடு சலுகை முடிந்தது. ஆனால் ஆகஸ்டு முதல், இ-வெரிஃபையில் சேர்ந்த கம்பெனிகள் நேரடி வீடியோவிலேயே சான்றிதழைப் பார்த்துக்கொள்ளலாம் என்று புது வழி வந்தது. நோயில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது கொடுத்த சலுகையைக் குறை சொல்லவில்லை. வீடியோவில் முகத்தையே மாற்றிக் காட்டி வேலைக்கு மனுப் போடுகிறார்கள் என்று எப்.பி.ஐ. 2022 ஜூனிலேயே எச்சரித்தது. அதற்குப் பிறகும் வீடியோவை மட்டும் நம்பலாமா?

பணம் போகும் இடம்

'யாரோ செய்தால் என்ன, வேலை நடந்தால் சரி' என்று சொல்கிறவர்களும் உண்டு. அதிலும் சில ஆசாமிகள் வேலையை நன்றாகவே செய்தார்களாம்! ஆனால் சம்பளம் எங்கே போகிறது? இப்படி வெளியே சம்பாதிப்பவர்களின் கூலியில் 90 சதவீதம் வரை வடகொரிய அரசே பிடுங்கிக்கொள்கிறது என்று அமெரிக்க அரசு 2022 மே மாத எச்சரிக்கையில் சொன்னது. ஏவுகணைக்கும் அணுகுண்டுக்கும் போகிற காசு அது. ராத்திரி கண் விழித்து, அமெரிக்காவில் பகல் என்பதால் தனக்கும் பகல் என்று நடித்து, மிச்சம் பத்து சதவீதத்தை வாங்கும் அந்தப் பையன் மேல்கூட நமக்குப் பரிதாபம் வருகிறது. கம்பெனி மேல் வரவில்லை.

தெருவில் ஒரு கடைக்கு வாட்ச்மேன் வைத்தால்கூட, முன்னே வேலை பார்த்த இடத்தில் போய் விசாரிக்கிறார்கள். அதையே இவர்களும் செய்யட்டும். ஆள் கொடுத்த போன் நம்பரில் விசாரித்தால் அவன் கூட்டாளிதான் எடுப்பான். பழைய கம்பெனியின் நம்பரைத் தானே தேடிப் பிடித்துப் பேச வேண்டும். லேப்டாப்பைச் சொன்ன விலாசத்துக்கெல்லாம் தூக்கி அனுப்பக் கூடாது. படம் ஒட்டிய அடையாள அட்டையைக் காட்டி, கூரியர் ஆபீசில் நேரில் வாங்கிக்கொள்ளட்டும். பேட்டிக்கு வந்த முகம்தான் வேலைக்கும் வருகிறதா என்று சேர்ந்த பிறகும் அடிக்கடி பார்க்க வேண்டும். மடியில் கனம் இல்லாதவர் கேமரா முன் வர ஏன் பயப்படப் போகிறார்?

அதற்காக வேலைக்கு மனுப் போட்ட அத்தனை பேரிடமும் அடையாள அட்டை நகலைக் கேட்டு வாங்கிக் குவிக்கவும் கூடாது. அது இன்னொரு திருட்டுக்கு வழி. பொய்யாக வேலை விளம்பரம் போட்டு, நம்பி வந்தவர்களின் சான்றிதழ்களை அபகரிக்கும் கும்பலும் இருக்கிறது. வேலை உறுதி ஆனவரிடம் மட்டும் கேட்டால் போதும். "வம்பே வேண்டாம், எல்லாரும் ஆபீசுக்கு வந்துவிடுங்கள்" என்று உத்தரவு போடுவதும் சோம்பேறித்தனம். கைக்குழந்தைக்காரியும் கால் ஊனமுற்றவரும் வீட்டில் இருந்தபடி நாணயமாகச் சம்பாதிக்கிறார்கள். எவனோ ஏமாற்றியதற்கு இவர்கள் பிழைப்பில் மண் போடுவதா?

இதில் ஒரு பாவமும் அறியாதவர்கள் அந்த 68 பேர். அரிசோனா வழக்கில் இவர்கள் பெயரைத் திருடித்தான் வேலை வாங்கினார்கள். செய்யாத வேலை, வாங்காத சம்பளம். ஆனால் அரசு வரிக் கணக்கில் வருமானம் இவர்கள் பெயரில்! 2025 ஜூன் வரை 16 மாநிலங்களில் இதேபோல 29 இடங்களில் சோதனை போட்டு, சுமார் 200 கம்ப்யூட்டர்களைப் பிடித்தார்கள். அவற்றுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேருடைய பெயர் இருக்கிறதோ. சம்பளம் போட்ட கம்பெனிகளிடம் அந்தப் பெயர்களும் நம்பர்களும் இருக்கின்றன. உரியவர்களைத் தேடிச் சொல்லி, வரிக் கணக்கைத் திருத்தித் தர வேண்டியது அந்தக் கம்பெனிகள்தான். அதற்கு ஆகும் செலவையும் அவர்களே கட்டட்டும்.