நீதிப் பாடமா? அடிமைப் பாடமா?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் போதிக்க வேண்டும், அதற்கென்று தனி வகுப்பு வைக்க வேண்டும், தனிப் புஸ்தகம் அச்சிட வேண்டும் என்பதாக எங்கு பார்த்தாலும் பேச்சாக இருக்கிறது. பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லாத காலம் ஒன்று இருந்ததாக நமக்குத் தெரியவில்லை. ஆனபோதிலும் ஒழுக்கம் வேண்டும் என்பதில் நமக்கு யாருடனும் தகராறு கிடையாது. திருடாதே, பொய் சொல்லாதே, பிறரைத் துன்பப்படுத்தாதே என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதை வேண்டாமென்பதற்கு நாம் பைத்தியக்காரர்கள் அல்ல. ஒழுக்கம் என்ற பெயரால் எதைப் போதிக்கிறார்கள், யாருடைய நன்மைக்காகப் போதிக்கிறார்கள், போதிக்கிறவர்கள் அதன்படி நடக்கிறார்களா என்பவைதான் நமது கேள்விகள்.

உதாரணமாகப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் வீராம்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். அது மீன் பிடித்துப் பிழைக்கும் ஜனங்கள் நிறைந்த ஊர். ஆண்கள் விடியுமுன் கடலுக்குப் போகிறார்கள். பெண்கள் மீன்கூடையைத் தலையில் சுமந்து போய்ப் பேரம் பேசி விற்று, வீட்டுக்கு அரிசியும் பருப்பும், பிள்ளைக்கு நோட்டுப் புஸ்தகமும் வாங்கி வருகிறார்கள். இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த பையன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கும் ஆத்திசூடியில், பெண்பிள்ளை சொல்லைக் கேட்டு நடக்காதே என்பதும் ஒரு நீதி! கொன்றை வேந்தனில், சொன்ன சொல் தப்பாமல் அடங்கி நடப்பதே கற்பு என்பதும் ஒரு நீதி! இவற்றைப் பாடியவரும் ஒரு பெண் என்றே சொல்லுகிறார்கள். பெண் சொல்லைக் கேட்கக்கூடாதென்றால் ஔவையார் சொல்லை மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு குழந்தை எழுந்து கேட்டால், உபாத்தியாயர் என்ன பதில் சொல்லுவார்? "வாயை மூடு" என்பார். அன்றைய நீதிப் பாடம் அத்துடன் முடிந்து விடும்.

அதே கொன்றை வேந்தன் தாய் தகப்பனைத் தெய்வமாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே கோவில் கும்பிடச் சொல்லுகிறது. உலகநீதி பெரும்பாலான பாட்டுகளில் அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே என்று அடுக்கிவிட்டு, கடைசியில் வள்ளி புருஷனை வாழ்த்தச் சொல்லி முடிக்கிறது. பொய் சொல்லாமலிருப்பதற்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம்? முருகனை அறியாத சாயபு வீட்டுக் குழந்தையும், கிறிஸ்தவர் வீட்டுக் குழந்தையும் பொய் சொல்லலாமா?

ஔவையார் சொன்னதெல்லாம் பிசகு என்று நாம் சொல்ல வரவில்லை. கொடுக்கிறவன் ஒரு ஜாதி, கொடுக்காதவன் மற்றொரு ஜாதி, இதைத் தவிர வேறு ஜாதியே இல்லை என்னும் கருத்தை நல்வழி சொல்லுகிறது. இதையும் நூற்றுக்கணக்கான வருஷங்களாகப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பலன் என்ன? அதை ஒப்பித்து முதல் மார்க்கு வாங்கிய பிள்ளையே வீட்டுக்குப் போனதும், வயலில் வேலை செய்யும் கிழவரை "ஏண்டா" என்று கூப்பிடுகிறது. அதைக் கேட்டு அப்பனும் பாட்டனும் வெட்கப்படுவதில்லை. பிள்ளைக்கு அதிகாரம் பண்ணத் தெரிந்துவிட்டதே என்று பூரித்துப் போகிறார்கள்.

இந்த இடத்தில்தான் மரியாதை என்பதன் யோக்கியதை வெளியாகிறது. பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்பது எல்லா நீதிப் புஸ்தகத்திலும் இருக்கிறது. ஆனால் யார் பெரியவர்? வயதில் பெரியவரா, ஜாதியில் பெரியவரா? வயதில் பெரியவர் என்றால், அறுபது வயதுத் தோட்டியும், எழுபது வயது உழவுக் கூலியும் பத்து வயதுப் பையனுக்குப் பெரியவர் ஆக மாட்டார்களா? அவர்களைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், "வாருங்கள் ஐயா" என்று சொல்ல வேண்டும் என்று எந்த நீதிப் பாடமாவது எழுதியிருக்கிறதா? கைகட்டு, வாய்பொத்து, எதிர்த்துப் பேசாதே, குனிந்து நில் என்பவற்றைத்தான் நல்லொழுக்கம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் பண்ணையார் முன்னால் பண்ணையாள் நிற்க வேண்டிய விதமேயல்லாமல் ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குக் காட்ட வேண்டிய மரியாதை ஆகாது. மரியாதை என்பது இரண்டு பக்கமும் போய்வர வேண்டிய சரக்கு. ஒரு பக்கமாகவே போகுமானால் அதற்குக் கப்பம் என்று பெயர்.

நிற்க, கடவுளும் மதமும் இல்லாமல் ஒழுக்கத்தைப் போதிக்கவே முடியாது என்று சிலர் சொல்லுகிறார்கள். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தங்கள் தேசத்தில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1882 மார்ச்சு 28இல் செய்த சட்டத்தால், அதுவரை ஒழுக்கமும் மதமும் என்றிருந்த பாடத்தை ஒழுக்கமும் குடிமையும் என்று மாற்றி, சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலிருந்து மதப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். அதைச் செய்த ழூல் ஃபெரி என்ற மந்திரி 1883 நவம்பர் 17இல் உபாத்தியாயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீ சொல்லப் போவதை உன் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மாரில் ஒருவர் கேட்டாலும், அவர் யோக்கியமாக அதை மறுக்கக் கூடுமா என்று எண்ணிப் பார். மறுக்கக் கூடுமென்றால் சொல்லாதே என்பது அதன் சாரம். இது நல்ல உரைகல் என்றே நாம் சொல்லுவோம். இந்த உரைகல்லில் நமது நீதிப் புஸ்தகங்களை உரைத்துப் பார்த்தால் எத்தனை பக்கம் மிஞ்சும்?

ஆனால் அதே ஃபெரிதான் 1885 ஜூலை 28இல் பார்லிமெண்டில் எழுந்து, மேலான ஜாதியாருக்குக் கீழான ஜாதியாரை நாகரிகப்படுத்தும் உரிமையும் கடமையும் உண்டென்று பேசி, தேசம் பிடிப்பதை நியாயப்படுத்தினார். அதாவது பாரிசில் சமத்துவம், புதுச்சேரியில் எஜமானத்துவம்! மதத்தைத் தங்கள் பள்ளியைவிட்டு வெளியேற்றின அந்தக் குடியரசின் கவர்னர்களே ஆடி மாதம் வீராம்பட்டினத்துக்கு வந்து செங்கழுநீர் அம்மன் தேருக்கு வடம் பிடித்தார்கள். கும்பினி போய், பிரெஞ்சுக்காரர் போய், 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. துணைநிலை கவர்னரும் முதல் மந்திரியும் வடம் பிடிக்கிறார்கள். ஆளுகிறவர்களுக்கு ஜனங்களின் பக்தி எவ்வளவு சௌகரியமானது என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

இனி நம்மவர்களின் சங்கதியைப் பார்ப்போம். 1910 முதல் பத்து வருஷம் புதுச்சேரியில் தங்கி வெள்ளைக்காரனை எதிர்த்த வ.வே.சு. ஐயர், பின்னர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். தேசபக்தியும், தமிழும், உயர்ந்த ஒழுக்கமும் கற்பிக்க ஏற்பட்டதென்று சொல்லி, பார்ப்பனரல்லாதாரிடமும் பணம் வசூலித்தார்கள். அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு சாப்பாடு. 1924-25இல் இது வெளியாகித் தமிழ்நாடு முழுவதும் கிளர்ச்சி உண்டாயிற்று. அந்தக் குருகுலத்துப் பிள்ளைகள் பாட அறையில் படித்தது சமத்துவம். சாப்பாட்டு அறையில் படித்தது ஜாதி. எந்தப் பாடம் மனதில் நின்றிருக்கும்? தினம் மூன்று வேளை நடக்கும் பாடத்தை வாரத்துக்கு ஒரு வேளை நடக்கும் பாடம் ஜெயிக்குமா?

இது பழங்கதை என்று யாராவது சொல்லுவார்களானால், நாங்குநேரியை ஞாபகப்படுத்துகிறோம். 2023 ஆகஸ்டு 9இல் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆதிதிராவிடப் பையன் ஒருவனை, அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பையன் செய்த குற்றமென்ன? தன்னைத் துன்பப்படுத்துகிறார்கள் என்ற உண்மையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான். உண்மை பேசு என்று போதித்த பள்ளிக்கூடத்தில் உண்மை பேசினவனுக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்! வெட்டினவர்களும் நீதிப் பாடம் படித்தவர்களே. தீண்டாமை குற்றம் என்ற வாசகம் தமிழ்நாட்டு சர்க்கார் அச்சிடும் பாடப் புஸ்தகங்களின் முன்பக்கத்தில் பல வருஷங்களாக இருந்து வருகிறது. முன்னாளில் அதைப் பாவம் என்றும் சேர்த்து அச்சிட்டிருந்தார்கள். பாவமென்றால் பரிகாரம் செய்து கழித்துக் கொள்ளலாமே என்றுதான் ஒரு ஆஸ்திகன் நினைப்பான். குற்றமென்று சொன்னால்தான் தண்டனை ஞாபகத்துக்கு வரும்.

நாங்குநேரிக்குப் பிறகு சர்க்கார் ஏற்படுத்திய நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், ஜாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி இவைகளைப் பள்ளிக்கூடத்தில் தடுக்க வேண்டுமென்றும், பள்ளிக்கூடப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாதிப் பெயர்களை எடுக்க வேண்டுமென்றும் சிபாரிசு செய்தது. உடனே மதத்துக்கு ஆபத்து வந்துவிட்டதென்று கூக்குரல் கிளம்பிற்று. பிள்ளைகளுக்கு நீதி போதிக்க வேண்டுமென்று கூவுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கயிற்றை அறுக்க வந்தார்கள்?

அதே 2024 ஆகஸ்டில் சென்னை சர்க்கார் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் நல்வழியும் சொல்ல ஒரு பிரசங்கியைக் கூப்பிட்டார்கள். அவர், கண்ணில்லாமலும் காலில்லாமலும் பிறப்பது போன ஜென்மத்துப் பாவத்தின் பலன் என்றார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எதிர்த்துக் கேட்டார். பிரசங்கி பிறகு கைதானார். அன்றைய தினம் அந்தப் பள்ளிக்கூடத்தில் நீதி போதித்தவர் யார்? நொண்டியையும் குருடரையும் பாவி என்றவரா, பிள்ளைகள் முன்னால் அது தப்பென்று சொல்லத் துணிந்த ஆசிரியரா? கருமம், பூர்வஜென்மம் என்பவற்றைப் படித்த குழந்தை, விழுந்தவனைத் தூக்க வேண்டும் என்று நினைக்காது. அவன் தலையெழுத்து என்று தாண்டிப் போகும். மதம் கலந்த நீதியின் விஷமெல்லாம் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

கடவுளுக்குப் பயப்படாவிட்டால் பிள்ளைகள் அயோக்கியர்களாகிவிட மாட்டார்களா என்று நம்மைக் கேட்கிறார்கள். பயந்து செய்கிற யோக்கியதை, பயம் தெளிந்தவுடன் ஓடிப்போகும். அன்றியும் அர்ச்சனை செய்தால் மன்னிக்கிற கடவுளிடத்தில் எவன் பயப்படுவான்? கலப்படக்காரனும் லஞ்சக்காரனும் உண்டியலில் பங்கு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவதை நாம் தினமும் பார்த்துத்தான் வருகிறோம்.

அப்படியானால் எதைத்தான் போதிப்பது என்றால், வெகுதூரம் போக வேண்டியதில்லை. வீராம்பட்டினத்துக் குழந்தைக்கு வீராம்பட்டினத்திலேயே பாடம் இருக்கிறது. பிடித்த மீனின் பணத்தைப் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடுகிறார்களே, அந்தக் கணக்கைப் பலகையில் எழுதி, இது நியாயமா, உழைத்தவனுக்குப் போதுமா என்று பிள்ளைகளையே பேசச் சொன்னால் அது நீதிப் பாடம். 1990களின் கடைசியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் அவ்வூரில் வைத்த செய்தி நிலையத்திலிருந்து, இன்று அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை அமெரிக்கக் கடற்படையின் கணக்கைப் பார்த்து ஒலிபெருக்கியில் சொல்லி வந்தார்கள். அதைப்போன்ற நிலையம் இருந்த பக்கத்து நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26இல், சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் டெலிபோனில் சொன்ன எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் கத்தி, ஜனங்களைக் கரையைவிட்டு ஓடச் செய்து காப்பாற்றினார்கள். அந்த ஒலிபெருக்கி ஜாதி கேட்கவில்லை, குறி கேட்கவில்லை, பரிகாரமும் கேட்கவில்லை. தெரிந்த உண்மையைத் தெரிந்தவுடனே எல்லாருக்கும் சொல்லுவது ஒழுக்கம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எந்த நீதி நூலில் இருக்கிறது?

பக்கத்திலேயே அரிக்கமேடு. அங்கே மண்ணில் கிடந்த மணிகளைக் குழந்தைகள் பொறுக்கி வந்து கொடுக்க, ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் 1937 வாக்கில் விலைக்கு வாங்கினார். 1945இல் வீலர் துரை தோண்டிப் பார்த்து, ரோமாபுரி தேசத்தோடு வியாபாரம் நடந்த துறைமுகம் அது என்று ருசுப்படுத்தினார். கடல் தாண்டினால் ஜாதி போகும் என்பதை ஒழுக்கமாக எழுதி வைத்தவர்கள் ஒரு பக்கம். கடல் தாண்டி உலகத்தோடு வியாபாரம் செய்த துறைமுகம் மற்றொரு பக்கம். மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கிறவன் முன்னால் தலை குனியாமல் நிற்பதற்கு, மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சரித்திரம் வேண்டும். தன்னை மதிக்கத் தெரியாத பிள்ளை பிறரை மதிக்காது; ஒன்று பயப்படும், அல்லது மிரட்டும்.

பழைய நூலைத் திருத்தக்கூடாதென்றும் ஒரு சாரார் சொல்லுவார்கள். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியிலிருந்த பாரதியார் ஆத்திசூடியைப் புதிதாக எழுதி, அச்சத்தை விடு என்பதை முதல் நீதியாக வைத்தார்; பெண்ணைத் தாழ்த்திய இடத்தில் பெண்ணை உயர்த்தச் சொன்னார். அதே ஊர்க்காரரான, 37 வருஷம் உபாத்தியாயராக இருந்த பாரதிதாசனும் தம் பங்குக்கு ஓர் ஆத்திசூடி எழுதினார். இரண்டு பேர் திருத்தியும் தமிழ் குடிமுழுகிப் போகவில்லை.

சர்க்காரையும் ஒன்று கேட்கிறோம். சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாதென்று அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்லுகிறது. விஞ்ஞான மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976இல் சேர்த்த 51-ஏ பிரிவு சொல்லுகிறது. இந்த இரண்டையும் நீதிப் பாடத்தின் முதல் பக்கத்தில் போடுவதற்கு என்ன தடை?

ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளைகளின் நீதிப் புஸ்தகத்தை இன்று இரவே வாங்கிப் பாருங்கள். எந்த வரி பயப்படச் சொல்லுகிறது, எந்த வரி யோசிக்கச் சொல்லுகிறது என்று எண்ணிப் பாருங்கள். உபாத்தியாயரிடம் போய், பள்ளிக்கூடத்தைப் பெருக்குவது யார் பிள்ளை, முன் பெஞ்சியில் உட்காருவது யார் பிள்ளை, அடித்தால் புகார் சொல்ல வழி என்ன, சொன்னவனுக்குப் பாதுகாப்பு என்ன என்று கேளுங்கள். மரியாதைக் குறைவாகப் பேசுகிறீர்கள் என்று அவர் சொன்னால், கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல என்பதுதான் பிள்ளைகள் படிக்க வேண்டிய முதல் நீதி என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும், தெருவில் குப்பை அள்ளுகிற பெரியவரை "வாங்க, போங்க" என்று உங்கள் பிள்ளை காதில் விழும்படி நீங்களே கூப்பிடுங்கள்.