சோம்பல் என்று நாம் எழுதிய தீர்ப்பு

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் பலரைப் பற்றிப் பல தீர்ப்புகளை எழுதியிருக்கிறேன். அவற்றுள் ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது.

எங்கள் ஆசிரியபீடத்தில் ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். ஒற்றுப்பிழையொன்றைக்கூடத் தப்பவிடாதவர். ஓராண்டுக்குள் ஆளே மாறிப்போனார். மேசையில் அச்சுப்படிகள் தேங்கின, பேச்சு மந்தமாயிற்று, கொழும்பு வெயிலிலும் குளிர்கிறதென்று சால்வை போர்த்திக்கொண்டார். "வேலையில் அக்கறை இல்லை" என்று நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதியவன் நான்தான். அவருடைய தைரொயிட் சுரப்பி போதிய ஓமோனைச் சுரக்கவில்லை என்பது சில மாதங்களின் பின்னரே இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது.

கழுத்தின் முன்புறத்திலுள்ள அச்சிறு சுரப்பி தரும் தைரொக்சின், உடற்கலங்கள் சக்தியைப் பயன்படுத்தும் வேகத்தை நிர்ணயிக்கிறது. மூளையும் அதற்கு விலக்கன்று. அது குறைந்தால் நினைவு மங்கும், சிந்தனை தாமதிக்கும், ஊக்கம் வற்றும். மனச்சோர்வு நோய் என்று மருத்துவரே மயங்குவதுண்டு. 1891இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரே என்ற மருத்துவர், இந்நோயால் முடங்கியிருந்த பெண்ணொருவருக்குச் செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை ஊசிமூலம் செலுத்தினார். அப்பெண் நலமடைந்து மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அயடீன் இன்றி இந்த ஓமோன் உருவாகாது. இலங்கையின் ஈரவலயத்தில் கண்டக்கழலை பரவலாகக் காணப்பட்டது. உணவுக்கான உப்பில் அயடீன் சேர்க்கப்பட வேண்டும் என்பது 1995இல் இங்கு சட்டமாயிற்று. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அது இன்றியமையாதது.

எல்லாச் சோம்பலுக்கும் சுரப்பியே காரணம் என்று நான் வாதிடவில்லை. அது இன்னோர் அவசரத் தீர்ப்பாகிவிடும். வறுமையும் துயரும் உறக்கமின்மையும் மனிதரின் ஊக்கத்தைக் கெடுப்பனவே. ஆனால், நேற்றுவரை சுறுசுறுப்பாக இருந்த ஒருவர் காரணம் புலப்படாமல் தளர்ந்துபோனால், அவருடைய குணத்தைக் குற்றஞ்சாட்டுமுன் இரத்தத்தைச் சோதிப்பதே நியாயம். இக்குறைபாடு ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பீடிக்கிறது. நம் வீடுகளில் "சோம்பேறி" என்று பெயர் வாங்கிய மருமக்கள் எத்தனை பேர் இதனால் தளர்ந்தவர்களோ!

நாளாந்தம் காலையில் ஒரு மாத்திரை. சில மாதங்களில் எங்கள் ஒப்புநோக்காளர் பழைய கூர்மையுடன் மேசைக்குத் திரும்பினார். என்னுடைய அறிக்கை மட்டும் அவருடைய கோவையில் அப்படியே இருந்தது. அதை நீக்குமாறு அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.