கணினி மாறலாம், கணக்கு மாறலாமா?



புதுக்கணக்கு போடும் நாளில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். புதுப் பேரேட்டுக்கு மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, பழைய பேரேட்டின் முடிவிருப்பை முதலில் எடுத்து எழுதினார்கள். ஒவ்வொருவர் பாக்கியையும் பெயர் பெயராகக் கொண்டுவந்து, இரண்டு பேரேட்டிலும் கூட்டுத்தொகை ஒன்றாக வருகிறதா என்று சரி பார்த்தார்கள். பழையதை எடைக்குப் போடவில்லை. துணியில் கட்டிப் பரணில் ஏற்றினார்கள்.

இன்று பேரேடு கணினிக்குள் போய்விட்டது. கணினியை மாற்றும்போது மட்டும் இந்த வழக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எனவே நம் கடைகளில் புதுக் கணினி வாங்கும் கட்டாயம் வந்துள்ளது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவசரம் கூடாது என்பதே நம் கருத்து.

மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர், பழைய கணினியை மாற்றுவிலைக்குக் கொடுத்துப் புதியது வாங்கினார். “எல்லாம் ஏற்றியாகிவிட்டது” என்றார் கணினிக்காரர். பில் போடும் புரோகிராம் திறந்தது. சரக்குப் பட்டியலும் இருந்தது. பத்து நாள் கழித்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் பாக்கி கேட்டபோதுதான், கடைசி மூன்று மாதக் கணக்கு வரவில்லை என்று தெரிந்தது. பழைய காப்பு நகலை ஏற்றியிருக்கிறார்கள். பழைய கணினியோ அதற்குள் துடைக்கப்பட்டு வேறு கைக்குப் போய்விட்டது. பில் கட்டுகளை வைத்துத் திரும்ப எழுதினார்கள். கொடுத்த பாக்கியை நாணயமாக ஒப்புக்கொண்டவர்கள் உண்டு, மறந்துபோனவர்களும் உண்டு.

இதில் கணினிக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்றுவது அவர் வேலை. சரி பார்ப்பது நம் வேலை. நம் கடையில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

புரோகிராம் வேறு, கணக்கு வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். புரோகிராமை நகல் எடுத்துப் போட்டால் பெரும்பாலும் ஓடாது. புதுக் கணினியில் முறையாக நிறுவ வேண்டும். டேலி போன்றவற்றில் பழைய கணினியில் உரிமத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் புதியதில் ஏற்ற வேண்டும். உரிமம் எந்தப் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தக் கைபேசி எண்ணில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் எண்ணில் இருந்தால் சிக்கல்தான்.

பழைய டாஸ் காலத்துப் பாக்ஸ்புரோ பில் புரோகிராம் வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விண்டோஸ் 11, 64-பிட் வகையில் மட்டுமே வருகிறது. அந்தப் பழைய 16-பிட் புரோகிராம்கள் அதில் நேரடியாக ஓடாது. சரக்குப் பெயர்களைப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் துவரம்பருப்பும் உளுந்தும் புரியாத குறிகளாகத் தெரியும். எழுத்துருவையும் கையோடு கொண்டுவர வேண்டும். யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. பழைய தராசும் பில் பிரிண்டரும் புதுக் கணினியில் செருக இடமிருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள்.

பில் எண்ணில் தவறு வரக்கூடாது. ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒரு பில் வரிசை எண் இரண்டு முறை வரலாகாது. புதுக் கணினி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், விளக்கம் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

மாற்றுவதற்கு நாளும் பார்க்க வேண்டும். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 11-ம் தேதி ஒரு கெடு, 20-ம் தேதி இன்னொரு கெடு. இரண்டும் முடிந்தபின், கூட்டமில்லாத நாளில் வைத்துக்கொள்ளலாம். பண்டிகை நேரம் அறவே வேண்டாம்.

மாற்றும் முன் பழைய கணினியில் நான்கு தாள்களை அச்செடுத்துக் கொள்ளுங்கள்: ஆள்வாரியாக வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, சரக்கு இருப்பு, ரொக்க, வங்கி இருப்பு. கடைசி பில் எண்ணையும் அதில் குறியுங்கள். புதுக் கணினியிலும் அதே நான்கை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியும்வரை விடக்கூடாது.

சரியாக இருந்தாலும் பழையதை உடனே கொடுத்துவிட வேண்டாம். ஒரு மாத முடிவாவது, ஒரு ஜிஎஸ்டி தாக்கலாவது புதியதில் நடக்கட்டும். பிறகு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி நாமே வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். மாற்றுவிலையில் சில நூறு குறையும், அவ்வளவே. அதில் நம் வாடிக்கையாளர் கைபேசி எண்களும், வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கும்; அழித்தாலும் மீட்டெடுக்க வழி உண்டு. மேலும், ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். 2025-26 கணக்குக்குக் கெடு 2026 டிசம்பர் 31 என்றால், 2032 முடியும்வரை அது நம்மிடம் இருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு கணினியும் மாறிவிடும்!

புரோகிராம் விற்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நம் கணக்கை எக்செல் போன்ற எதிலும் திறக்கக்கூடிய வகையில், கேட்கும்போது எடுத்துத் தர வேண்டும். ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை என்பதற்காகப் பழைய கணக்கையே பூட்டி வைப்பது நியாயமாகாது. பேரேடு விற்ற கடைக்காரர் அதில் எழுதிய கணக்குக்கு என்றைக்காவது சொந்தம் கொண்டாடியதுண்டா? வாங்கும் முன்பே இதை எழுத்தில் பெறுங்கள். தனி ஆளாகக் கேட்டால் எடுபடாதது, சங்கமாகக் கேட்டால் எடுபடும்.

கணினி தேய்ந்துபோகும் பொருள். கணக்கு நம் நாணயம். முன்னதை மாற்றும்போது பின்னதைக் கைவிட்டுவிடக் கூடாது என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.