ஆங்கில வினையும் தமிழ்ப்பள்ளி மாணவரும்



தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கில வினைச்சொல் கற்பிக்கப்படும் முறை குறித்து நெடுநாளாக மனத்தில் உறுத்தும் கருத்தொன்றை இங்கே எழுத விழைகிறேன். ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் ஒலிக்கவே கூடாது என்னும் எண்ணம் நம் ஆசிரியர் பலரிடம் வேரூன்றிக் கிடக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. தமிழ் இலக்கணம் அறிந்த பிள்ளைக்கு ஆங்கில வினையில் பாதி முன்னரே தெரியும். அந்தப் பாதியை நாம்தான் பூட்டி வைத்திருக்கிறோம்.

வழக்கமாக நடப்பது என்ன? மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு நிலை, ஆகப் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை கரும்பலகையில் ஏறும். 'வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங்' என்று வகுப்பே ஒப்பிக்கும். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிந்தது, இந்த அட்டவணை ஒழியவில்லை. ஒப்பித்த பிள்ளை கட்டுரை எழுத அமர்ந்தால் 'எஸ்டர்டே மை மதர் குக்' என்றே எழுதுகிறது.

இதற்குத் தமிழைப் பழிப்பது எளிது. ஆனால் தமிழ் வினை காலம் காட்டாமல் நிற்பதில்லையே! மலாயில்தான் 'செமாலாம் எமாக் மாசாக்', 'ஏசோக் எமாக் மாசாக்' என்று நேற்றும் நாளையும் 'மாசாக்' மாறாமல் நிற்கும். (அது மலாய்மொழியின் குறையன்று, காலத்தை வேறு சொற்கள் சுமக்கின்றன, அவ்வளவே.) தமிழிலோ 'நட' என்னும் ஒரு வேர், முக்காலத்திலும் ஐம்பால் மூவிடத்திலும் முப்பதை ஒட்டிய முற்றுவடிவங்களாக விரிகிறது. இதை ஆறு வயதில் பிழையின்றிப் பேசும் பிள்ளைக்கு, நான்கே வடிவங்கள் கொண்ட ஆங்கில ஒழுங்கு வினை மலைப்பாகத் தோன்றுவானேன்? தன் மொழியிலும் இதுவே நிகழ்கிறது என்று எவரும் சுட்டிக் காட்டாததே காரணம் என்பேன்.

இறந்தகால ஈற்றையே எடுத்துக்கொள்வோம். எழுத்தில் 'இ-டி' என ஒன்றாக இருப்பது, ஒலியில் மூன்றாகப் பிரிகிறது. 'குக்' போன்று வல்லொலியில் முடிந்தால் வன்மையான 'ட்'. 'கால்', 'பிளே' போன்றவற்றின்பின் மென்மையான 'ட்'. 'வாண்ட்' போல டகர ஒலியிலேயே முடிந்தால் 'வாண்டட்' என ஓர் அசை கூடும். இதை விளக்காமையால்தான் 'குக்கெட்', 'வாக்கெட்' என்று படிக்கிறார்கள். தமிழில் 'செய்' என்பது செய்தான், 'உண்' உண்டான், 'தின்' தின்றான், 'ஓடு' ஓடினான். த், ட், ற், இன் என்று நன்னூல் வகுத்த இடைநிலைகள் இவை. பக்கத்து ஒலிக்கேற்ப ஈறு உருமாறுவது நமக்குப் புதிதா என்ன? இதனைக் காட்டிவிட்டு ஆங்கிலத்துக்குச் சென்றால், மனப்பாடச் சுமையில் பாதி குறையும்.

தமிழறிவு இடறிவிடும் இடமும் உண்டு, அதை மறைக்கலாகாது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. அத்திட்டம் கைவிடப்படும் என்று 2009 சூலை 8-இல் அறிவிக்கப்பட்டது. அறிவியலை ஆங்கிலத்தில் எழுதும் தமிழ்ப்பிள்ளை, 'நீர் 100 பாகையில் கொதிக்கும்' என்பதை 'வாட்டர் வில் பாயில்' என்று எழுத முனைவது இயல்பு. 'கொதிக்கும்' என்பது நம் பள்ளி இலக்கணத்தில் எதிர்காலம் அல்லவா! ஆங்கிலமோ என்றும் உள்ள உண்மைக்கு 'பாயில்ஸ்' என நிகழ்காலம் கேட்கிறது. இங்கே தொல்காப்பியரே கைகொடுக்கிறார். மலை நிற்பது, ஆறு ஒழுகுவது போல முக்காலத்துக்கும் பொதுவான இயற்கையை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லால் கூற வேண்டும் என்பது வினையியல் விதி. அந்தப் பொதுச்சொல் 'செய்யும்' என்னும் வாய்பாடுதான். ஆக, 'கொதிக்கும்' தன் பழைய நிலையில் ஆங்கிலத்துக்கு அயலன்று. நான்காம் ஆண்டுப் பிள்ளையிடம் தொல்காப்பியம் பேச வேண்டா; ஆசிரியர் அறிந்திருந்தால் போதும்.

வினை நோக்கு என்னும் பகுதியைப் பெரும்பாலும் கடந்துவிடுகிறோம். ஏவலில் சிக்கலில்லை, 'நட' என்பதும் 'வாக்' என்பதும் வெறும் வேர்களே. வியங்கோள்தான் சுவையானது. அவன் வாழ்க, அவள் வாழ்க, அவர்கள் வாழ்க என்று இடமும் பாலும் காட்டாமல் ஒரே வடிவில் நிற்கிறது. விடுதலைக்கு முன் மலாயாவில் ஒலித்த பிரித்தானிய நாட்டுப்பண்ணின் பெயரைப் பாருங்கள்: 'காட் சேவ் த கிங்'. 'சேவ்ஸ்' அன்று. வாழ்த்தும் வேண்டுதலும் வரும்போது ஆங்கிலமும் அந்தச் சகரத்தை உதிர்த்துவிடுகிறது.

பேராக் மாநிலத்தில் இப்பேச்சுக்குத் தனி அழுத்தம் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி வந்தது, ஆங்கிலம் வரவில்லை. ஆங்கிலம் துரையினுடையதும் கிராணியினுடையதுமாக இருந்தது. ஈப்போவில் 1909-இல் அண்டர்சன் பள்ளியும் 1912-இல் செயின்ட் மைக்கேல் பள்ளியும் தோன்றிய பின்னும், பால்மரத்தடியில் வாளி தூக்கிய பிள்ளைக்கு அவ்வாசல் எட்டாத தொலைவு. இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் தாமான்களில் வளர்கிறார்கள். ஆயினும் ஆங்கிலம் நமதன்று என்னும் அச்சம் சில வீடுகளில் இன்னும் குடியிருக்கிறது. அச்சத்தோடு வரும் பிள்ளையிடம், 'உனக்குத் தெரிந்ததை மறந்துவிட்டு வா' என்பது எப்படிப் பொருந்தும்?

ஆங்கில ஆசிரியர் தமிழரல்லாதவராக இருந்தால் என்செய்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்கே தமிழாசிரியர் முந்திக்கொள்ளலாம். தம் பாடவேளையில் காலங்காட்டும் இடைநிலையை நடத்தும் வாரத்திலேயே, அதே வினைகளின் ஆங்கில வடிவங்களைப் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை. எந்த வாரம் என்பதை முடிவு செய்ய, இரு ஆசிரியர்களும் ஆசிரியர் அறையில் கால்மணி நேரம் சேர்ந்து அமர்ந்தால் போதும்.