கண்டவர் யார்?

விவாதத்தில் எதிராளியின் வாயை அடைப்பதற்கு நம்மவர்களிடம் ஒரு பழைய அஸ்திரம் உண்டு. "நீர் கண்ணால் கண்டீரோ?" என்பதே அது. கடவுளைக் கண்டவர் யார் என்று நாஸ்திகர் அதை ஆஸ்திகர்மீது பிரயோகிப்பார். பரிணாமத்தைப் பற்றிப் பேச்சு எழுந்துவிட்டால் அஸ்திரம் கை மாறிவிடும். குரங்கு மனிதனானதைக் கண்டவர் யார் என்று ஆஸ்திகர் திருப்பிக் கேட்பார். இருவரும் தத்தமக்கே ஜயம் என்று எண்ணிக்கொண்டு வீடு போய்ச் சேருவார்கள்.

இந்தக் கேள்வி திண்ணையோடு நிற்கும் வரையில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 2018-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அது சர்க்கார் மேடையில் ஏறிவிட்டது. அப்போது மத்திய சர்க்காரில் கல்வி இலாகாவின் இணை மந்திரியாக இருந்த ஸ்ரீ சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் ஒருவரும் சொல்லவுமில்லை, எழுதவுமில்லை. ஆகையால் டார்வின் கொள்கை தவறு. பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். தேசத்தின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை விடுத்தன. மந்திரியாவதற்கு முன் மும்பை நகரத்தின் போலீஸ் கமிஷனராக இருந்தவர் அவர். கண்ட சாட்சி ஒருவருமில்லாத குற்றத்தையும் கைரேகையையும் காலடியையும் கொண்டு நிரூபிப்பதல்லவோ போலீஸாரின் அன்றாடத் தொழில்? டார்வினுக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் இல்லாமற் போயிற்று என்பது நமக்கு விளங்கவில்லை.

2023-ஆம் வருஷத்தில் விவகாரம் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு வெளியிடும் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில், பாரம்பரியத்தையும் பரிணாமத்தையும் சேர்த்துச் சொன்ன அத்தியாயம் பாரம்பரியத்தோடு நின்றுவிட்டது. கொள்ளைநோய்க் காலத்துக்குப் பின் மாணவரின் சுமையைக் குறைக்கவே இவ்வாறு செய்ததாகவும், பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் இருக்கிறதென்றும் சமாதானம் சொல்லப்பட்டது. 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பிறரும் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். 2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலோ, உயிரின் தோற்றத்துக்கும் பரிணாமத்துக்கும் தனிப் பாடமே அமைந்திருந்தது.

பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியலை எடுப்பவர் சிலரே. கணக்குப் பதிவியலுக்குப் போகும் பையனும், படிப்பை நிறுத்திக்கொண்டு வீட்டோடு இருந்துவிடும் பெண்ணும் இந்த விஷயத்தைக் காதால் கேட்பதற்கு அதுவே கடைசிச் சந்தர்ப்பம். அதையும் எடுத்துவிட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது திண்ணை வாதந்தான்.

கண்டவர் யார் என்ற கேள்விக்கு விடை தேட நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. சேலத்திலிருந்து மலையேறி ஏற்காட்டுக்குப் போனால் போதும். அங்குள்ள ஹோலி டிரினிடி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்பவரின் ஞாபகச் சின்னம் இருக்கிறது. பூமிநூல் வல்லுநரான அவர் ஏற்காட்டிலே வீடு கொண்டு வாழ்ந்து, 1912-இல் காலமானார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவரும் அவரே.

வேதத்தை மொழிபெயர்த்த அந்தப் பாதிரியாரின் மருமகன்தான், 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி பல்லாவரத்துச் செம்பூரான் கல்லிடையே ஆதிமனிதனின் கற்கருவியொன்றைக் கண்டெடுத்தார். டார்வினுடைய பெரிய நூல் வெளிவந்து அப்போது நான்கு வருஷங்களே ஆகியிருந்தன. அதே வருஷத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் அகப்பட்டன. பிற்காலத்தில் சாந்தி பப்பு அம்மையாரும் சகாக்களும் அவ்விடத்தைத் தோண்டி ஆராய்ந்து, அங்குள்ள கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷங்களுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியிட்டார்கள்.

இங்கே நேயர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம்முடைய இனத்தைச் சேர்ந்த மனிதரின் எலும்புகளுள் இதுகாறும் அகப்பட்ட மிகப் பழையவை மொராக்கோ தேசத்தில் கிடைத்தவை. அவற்றின் வயது சுமார் 3 லட்சம் வருஷம். அப்படியானால் அத்திரம்பாக்கத்திலே கல்லைச் செதுக்கிய கை யாருடையது? நமக்கு முன்னே வேறொரு வகை மனிதர் இருந்தனர் என்பதைத் தவிர இதற்கு விடை இல்லை. அவரைக் கண்டவர் இல்லை. அவர் விட்டுப்போன கல் மட்டும் இருக்கிறது.

இன்றைய குரங்கு இன்றைய மனிதனாயிற்று என்று டார்வின் சொல்லவில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். இருவருக்கும் நெடுங்காலத்துக்கு முன் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்பதே கொள்கை. சித்தப்பா பிள்ளை நமக்குப் பங்காளியே ஒழியப் பாட்டனாகமாட்டான்.

ஏற்காட்டிலே மற்றொரு சாட்சியும் உண்டு. அங்கே தாவர ஆராய்ச்சி இலாகாவார் 1963 முதல் ஆர்க்கிட் செடிகளுக்கென்று ஒரு தோட்டம் வைத்துப் போஷித்து வருகிறார்கள். இந்தச் செடிகளின் குலத்தைப் பற்றி டார்வின் 1862-இல் ஒரு புத்தகம் எழுதினார். மடகாஸ்கர் தீவிலுள்ள ஓர் ஆர்க்கிட் பூவில், தேன் ஏறக்குறைய ஓர் அடி நீளமுள்ள குழலின் அடியிலே கிடக்கிறது. அந்தத் தேனை எட்டக்கூடிய நாக்குடைய ஒரு விட்டிற்பூச்சி அத்தீவில் இருந்தே தீர வேண்டும் என்று அவர் சொன்னார். பலர் நகைத்தார்கள். டார்வின் இறந்து 21 வருஷங்கள் கழித்து, 1903-இல், அவ்வளவு நீண்ட நாக்குடைய பூச்சியைப் பற்றிச் சாஸ்திரிகள் எழுதினார்கள். முன்னே சொல்லப்பட்டது என்ற பொருளிலேயே அதற்குப் பெயரும் வைத்தார்கள். காணாததைச் சொல்லி, பின்னர் காணச் செய்வது எளிய காரியமா? கண்டதும் பொய், கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லுவது இதைத்தான்.

இனி, மலையுச்சிக்குப் போவோம். சுமார் 5,300 அடி உயரத்தில், மேட்டுச் சமவெளி ஒன்றின் ஓரத்தில், குகையினுள்ளே சேர்வராயன் கோயில் கொண்டிருக்கிறார்; காவேரி அம்மனும் உடனிருக்கிறாள். உள்ளே போகிறவர்கள் தலை குனிந்துதான் போக வேண்டும். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளி என்னும் மலைமக்கள் ஊரூராகத் திரண்டு வருவார்கள். அந்த மலையின் பாறையோ சுமார் 250 கோடி வருஷத்துப் பாறை.

அம்மக்களுள் ஒருவரின் மகள் நம்மிடம் படித்தாள். "ஐயா, இந்தப் பாடம் நிஜமென்றால் எங்கள் தாத்தா சேர்வராயனுக்குப் பூசை போடுவது பொய்யா?" என்று ஒரு நாள் கேட்டாள். வகுப்பு நிசப்தமாயிற்று. "தாத்தாவின் பூசையைப் பற்றி இந்தப் பாடம் ஒன்றும் சொல்லவில்லை, அம்மா. மலைக்கு என்ன வயது, அதில் எந்தச் செடி எப்படி வந்தது என்று மட்டுமே சொல்லுகிறது. மலை நேற்று உண்டாயிற்று என்று யாராவது சொன்னால், அதற்குப் பாறையே பதில் சொல்லும். மலையைக் கண்டு ஏன் கை கூப்புகிறாய் என்று பாறை கேட்காது" என்றோம். அவள் மனம் முழுவதும் சமாதானமடைந்ததாகத் தோன்றவில்லை. ஆயினும் அவள் கேட்டாளே, அதுவே நமக்குத் திருப்தி. பாடமே இல்லாத வகுப்பில் அந்தக் கேள்வி பிறந்திராது.

நாஸ்திகருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1882-இல் சென்னையில் தோன்றிய 'தத்துவ விவேசினி' பத்திரிகை முதல், சிங்காரவேலர் எழுதிய கட்டுரைகள் வரை, தமிழிலே விஞ்ஞானத்தைப் பரப்பியவர்களுள் அவர்கள் முன்னணியில் நின்றார்கள். அந்தத் தொண்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் டார்வினைப் படித்தவன் கோயிலுக்குப் போகக் கூடாது என்று விதிப்பதற்கு டார்வினிடத்தில் ஆதாரமில்லை. அமெரிக்காவில் அவருக்காக முன்வந்து வாதாடிய ஆசா கிரே என்னும் தாவர சாஸ்திரி, தெய்வபக்தி மிகுந்தவர். டார்வினும் தம்மை நாஸ்திகர் என்று சொல்லிக்கொள்ளாமல், கடவுள் விஷயத்தில் தாம் அறியாதவர் என்றே சொல்லிக்கொண்டார். பரிணாமத்தைத் தடியாக்கிக் கோயில் கதவில் ஓங்கி அடித்தால், கோயிலிலிருப்பவர் பாடப்புத்தகத்தைக் கிழிக்க வருவார். நடுவிலே நஷ்டமடைவது பிள்ளைகள்.

விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரித்தறியும் ஆர்வத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976 முதல் நம் அரசியல் சட்டமே சொல்லுகிறது. ஆஸ்திகர், நாஸ்திகர் இருவருக்கும் அது பொது. ஆகவே, வீட்டிலே பிள்ளை "கண்டவர் யார்?" என்று கேட்டால், பெற்றோர் அவனை அதட்டவும் வேண்டாம், மெச்சிவிட்டு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். "நல்ல கேள்வி, வா, சாட்சியைப் பார்ப்போம்" என்று சென்னை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பூட் திரட்டிய கற்கருவிகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. கேட்பவருக்கெல்லாம் அவை சாட்சி சொல்லும்.