பிடித்துவிட்டால் போகும் வலி

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். புடவைக்கு ஃபால்ஸ் வைப்பதும் ரவிக்கை தைப்பதும் அவருக்கு வீட்டோடு தொழில். சமையலை முடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை தலை நிமிர முடியாதாம். அதன் பலன் கழுத்திலும் தோளிலும் தெரியாமல் இருக்குமா? மாமியாருக்கோ முழங்கால் வலி. போதாக்குறைக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். யாரோ சொல்லி, சீன முறைப்படி புள்ளி பார்த்து அமுக்குகிற ஓர் அம்மாள் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிறார். நாலே தடவையில் சகோதரிக்குத் தோள் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. அத்தையும் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறுகிறாராம்.

பின்னே என்ன குறை என்கிறீர்களா? குறை நாலாவது பக்கத்தில் இருக்கிறது. அந்த அம்மாள் இப்போது, "மாத்திரைதான் உங்களுக்கு வியாதியே. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உடம்பு தன்னைத் தானே சரி செய்துகொள்ளும்" என்று சொல்லிவிட்டாராம். அத்தைக்குப் பரம சந்தோஷம். மாத்திரை டப்பா பரணுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. கணவர் வேலை விஷயமாக வெளியூரில். "நான் எடுத்துச் சொன்னால் மருமகள் தடுக்கிறாள் என்று ஆகிவிடும். என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அமுக்குவது நடக்கட்டும். ஆனால் இந்த இதழைக் கீழே வைத்த கையோடு அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எத்தனை நாளாக மாத்திரை இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லி, ரத்தத்தைச் சோதித்து, பிரஷர் பார்த்து, அவர் சொல்கிறபடி மறுபடி ஆரம்பியுங்கள். ஓமந்தூரார் அரசு மருத்துவமனை உங்கள் பேட்டைக்குக் கூப்பிடு தூரம்தானே!

இப்போது காரணம். முழங்கால் வலி குறைந்ததா இல்லையா என்று அத்தைக்கே தெரியும். படி ஏறிப் பார்த்தால் போதும். சர்க்கரை அப்படியா? ரத்தத்தில் அது ஏறினால் எந்த இடமும் வலிக்காது. ரத்தக் கொதிப்பும் அப்படித்தான். முக்கால்வாசிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் சந்தடியில்லாமல் அரித்துவிட்டு, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். ஆகவே, முழங்கால் சுகமானதைப் பார்த்து, "இந்தக் கை என் சர்க்கரையையும் இறக்கியிருக்கும்" என்று முடிவு கட்டுவது, சாம்பார் ருசியாக இருந்ததால் பாங்குக் கணக்கும் சரியாக இருக்கும் என்று நினைப்பது போல! கணக்கைப் பாஸ் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும்.

இப்படிச் சொன்னதும், "நீங்கள் சீன வைத்தியத்துக்கு விரோதியா?" என்று கேட்டு அரை டஜன் கடிதங்கள் வரும். நான் விரோதி அல்ல. இன்னும் சொன்னால், சீனாவின் கை நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வெகு காலமாக இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் கோடாலித் தைலம் நாலு பாட்டில் வராமல் இருந்ததுண்டா? 1928-ல் அங்கே தொடங்கிய சரக்கு அது. புலித் தைலமோ ரங்கூனில் சீன வைத்தியர் ஒருவரின் கடையில் பிறந்தது. அவருடைய பிள்ளைகள் இருவரின் பெயரிலும் புலியும் சிறுத்தையும் உண்டு. மூத்தவர் பெயரிலிருந்த புலிதான் டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடற்கரைச் சாலையோரம் கடை போட்ட பர்மா பஜாரில் இந்தச் சரக்குகளுக்கு இருந்த கிராக்கி பழைய சென்னைவாசிகளுக்கு நினைவிருக்கும். (நம் நாகேசுவரராவ் பந்துலு 1893-ல் பம்பாயில் ஆரம்பித்துப் பின்னர் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனத்தை நான் மறந்துவிடவில்லை. மயிலாப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அமுக்கிப் பிடிப்பதும் நமக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் அதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டுவது, பிடிப்பது, அழுத்துவது, இழுப்பது, முறுக்குவது என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் உடம்பில் 108 வர்மப் புள்ளிகளைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். சிந்தாதிரிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காகக் கூவம் ஆற்று வளைவில் ஏற்படுத்திய ஊர் அது. சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். தறியில் குனிந்து குனிந்து வலித்த முதுகுக்கு எண்ணெய் தடவிப் பிடித்துவிட, எந்த வீட்டிலும் ஒரு பாட்டி இல்லாமலா இருந்திருப்பாள்?

சீனர்கள் இதை ஒரு பெரிய சாஸ்திரமாகவே கட்டினார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய மஞ்சள் சக்கரவர்த்தியின் வைத்திய நூல் அவர்களுக்கு ஆதார கிரந்தம். உடம்பில் 'சீ' என்ற உயிர்ச் சக்தி ஓடுகிறது. அதற்குப் பதினான்கு முக்கியப் பாதைகள். அவற்றின் மேல் 361 புள்ளிகள். சக்தி தடைப்பட்டால் நோவு. புள்ளியில் ஊசி குத்தினால் அக்குபங்சர், விரலால் அழுத்தினால் அக்குபிரஷர். இந்தப் பாதைகளை அறுத்துப் பார்த்து யாரும் கண்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த ஊசி வைத்தியம் நம் தேசத்துக்கு வந்த கதை ரசமானது. ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்திருந்த சமயம், 1938-ல், காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அங்கே அனுப்பியது. அவர்களில் ஒருவர் கோட்னிஸ். காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டே, அங்கேயே ஒரு சீன நர்ஸை மணந்து, 1942-ல் அந்த மண்ணிலேயே உயிர் விட்டார். சாந்தாராம் அவர் கதையை 1946-ல் படமாக எடுத்தார். அதே ஐவரில் இன்னொருவர் கல்கத்தா டாக்டர் பிஜய் குமார் பாசு. அவர் 1958-ல் மறுபடி சீனா சென்று அக்குபங்சரைக் கற்றுக்கொண்டு, திரும்பி வந்து கல்கத்தாவில் செய்யத் தொடங்கினார். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: பாசு இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர். ஊசியைக் கற்றுக்கொண்டதற்காக ஸ்டெதாஸ்கோப்பைக் கூவத்தில், இல்லை, ஹூக்ளியில் எறிந்துவிடவில்லை!

சீனர்களும் எறியவில்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971-ல் பீகிங் போயிருந்தபோது குடல்வால் வீங்கிப் படுத்தார். ஊசி குத்தியே அறுவை செய்தார்கள் என்று இன்றைக்கும் பலர் கதை சொல்கிறார்கள். அது தப்பு. நம் ஊரில் செய்வதைப் போலவே மருந்து கொடுத்து மரத்துப்போகச் செய்து, கத்தியால்தான் எடுத்தார்கள். மறுநாள் வயிற்றில் ஏற்பட்ட உப்புசத்துக்கும் உபாதைக்கும்தான் ஊசி. எது எதற்கு என்று அந்த ஆஸ்பத்திரிக்குத் தெரிந்திருந்தது.

அதைவிடப் பெரிய உதாரணம் தூ யூயூ என்ற அம்மாள். மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய சீன ஏடுகளைப் புரட்டினார். ஒருவகை மாசிப்பச்சையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி 1,600 வருஷத்துக்கு முந்திய கைப்புத்தகம் ஒன்று சொல்லியிருந்தது. கொதிக்கவைத்ததால் அல்லவா நம் மருந்து கெட்டது என்று அவருக்குப் பொறி தட்டியது. சூடு அதிகம் படாமல் சாறு இறக்கினார். எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்தார். 1972-ல் தாமே குடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகே நோயாளிக்குக் கொடுத்தார். 2015-ல் நோபல் பரிசு வந்தது. நாம் ஆசையாகக் கூந்தலில் செருகுகிற மரிக்கொழுந்து அந்தச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை! பாட்டன் சொன்னான் என்பதற்காக அவர் நம்பிவிடவில்லை. பாட்டன் சொன்னதாயிற்றே என்று ஒதுக்கவும் இல்லை.

சரி, அமுக்கினால் வலி ஏன் குறைகிறது? குழந்தை மேஜையில் இடித்துக்கொண்டால் இடித்த இடத்தைப் பரபரவென்று தேய்த்துவிடுகிறோம், அழுகை அடங்குகிறது. அழுத்தமும் தேய்ப்பும் கொண்டுபோகிற சேதி முதுகுத்தண்டின் வாசலில் முந்திக்கொள்ள, வலியின் சேதி பின்தங்கிவிடுகிறது என்று 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். இறுகிய தசை தளர்வதும், உடம்பே சுரக்கும் வலி தணிக்கும் சரக்கும் இதற்குத் துணை. ஜெர்மனியில் 2007-ல் வெளியான சோதனை ஒன்று என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு பிரிவுக்குச் சாஸ்திரப்படி ஊசி. ஒரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மருந்தும் தேகப்பயிற்சியுமாக வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் நூற்றுக்கு 48 பேருக்குக் குணம். இரண்டாவதில் 44. மூன்றாவதில் 27தான்!

பொய் ஊசியும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்திருக்கிறது, பார்த்தீர்களா? புள்ளியின் மகிமை எவ்வளவோ, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நம் நோவைக் கேட்டு, தொட்டு, நேரம் செலவழிப்பதன் மகிமையும் அவ்வளவு என்று நான் நினைக்கிறேன். சிந்தாதிரிப்பேட்டை அத்தையின் சந்தோஷத்துக்கும் இதில் பங்கிருக்கும். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், ஒரு மனுஷி அவருடைய காலை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கே வலிக்கிறது, அம்மா?" என்று கேட்கிறாள். வீட்டில் நமக்கு அதற்கு ஒழிகிறதா? டாக்டரிடம் போனாலும் ஐந்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. மாத்திரை சாப்பிட்டால் அந்த அம்மாள் வருவது நின்றுவிடுமோ என்ற பயம்கூட அத்தைக்கு இருக்கலாம். ஆகவே சகோதரி, "மாத்திரையா, அவரா?" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். "அவர் வரட்டும் அத்தை, காலைப் பிடித்துவிடட்டும். மாத்திரையும் இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். கணவரையும் போனில் அத்தையுடன் பேசச் சொல்லுங்கள். பிள்ளை சொன்னால் காதில் ஏறும். அதற்கு அந்த அம்மாள் சம்மதிக்காவிட்டால், வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். அரும்பாக்கத்தில் அரசாங்கத்தின் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை வருஷப் படிப்பில் அக்குபங்சரையும் சேர்த்துக் கற்றவர்கள் அங்கே கிடைப்பார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. குமட்டலுக்கு: உள்ளங்கைக்குக் கீழே மணிக்கட்டு ரேகை. அதிலிருந்து முழங்கைப் பக்கமாக, அவரவர் விரலால் மூன்று விரற்கடை தள்ளி, நடுவில் இரண்டு தசைநார்களுக்கு இடையே கட்டைவிரலால் ஒன்றிரண்டு நிமிஷம் அழுத்துங்கள். சீனர்கள் இதற்கு உள்வாசல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் வாந்தி வருகிற குழந்தைக்குச் செய்து பார்க்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலுக்கு இது உதவுவதாகப் பல சோதனைகள் சொல்கின்றன. மசக்கைக்குச் சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு இல்லை, கெடுதல் இல்லை. தையல்கார சகோதரிக்கு: கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவிலுள்ள மேட்டை எதிர்க் கைவிரல்களால் பிடித்து, மூச்சை விட்டபடியே அழுத்துங்கள். அதோடு அரை மணிக்கு ஒரு தரம் மெஷினை விட்டு எழுந்திருங்கள். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் மனையைப் போட்டு உயர்த்துங்கள். இல்லாவிட்டால் போன வலி சாயங்காலமே திரும்பி வரும். அத்தைக்கு: முழங்கால் சில்லுக்கு நாலு விரற்கடை கீழே, முன் எலும்பின் வெளிப்பக்கம். அதற்குப் பெயர் கால் மூன்று லீ. களைத்த வழிப்போக்கன் அங்கே அழுத்திக்கொண்டால் இன்னும் மூன்று லீ, அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர், நடப்பானாம்!

கர்ப்பிணிகளுக்குத் தோள் மேட்டையும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையையும், உள் கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலேயுள்ள இடத்தையும் அழுத்தக் கூடாது என்று சீன வைத்தியர்களே விலக்கியிருக்கிறார்கள். சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தில் அழுத்தமும் வேண்டாம், சூட்டு ஒத்தடமும் வேண்டாம், புண்ணானால் தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசான பிடியே கன்றிப்போகும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் கை வைக்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் பிடிக்கிற பிடியில் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். சலூன் பாணியில் கழுத்தைச் சொடுக்கவும் விடாதீர்கள். மார்பிலோ தாடையிலோ இடது கையிலோ முதுகிலோ புதிதாக ஒரு வலி வந்து, கூடவே வேர்த்து மூச்சு வாங்கினால், தைலத்தையும் புள்ளியையும் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு பல சமயம் மார்பு வலியே இல்லாமல், களைப்பும் வாயுத் தொந்தரவும் போல வேஷம் போட்டுக்கொண்டு வருவதுண்டு. "அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்" என்று அப்போதும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அடுப்பை வேறு யாராவது அணைக்கட்டும்.